ஆற்றில் போகும் கரியை அளப்பது யார்?

தொல்லியல் குழிகளில் காலத்தைச் சொல்லும் சாட்சி பெரும்பாலும் கரிதான். மரம் மட்கிவிடும், துணி இற்றுவிடும், இரும்பு துருவேறி உதிரும். அடுப்பில் எரிந்து மிஞ்சிய கரித்துண்டு மட்டும் அப்படியே கிடக்கும். கீழடியில் நான்காம் கட்ட அகழாய்வின்போது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி அமெரிக்காவின் மயாமி நகர ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்ற காலத்தோடு திரும்பி வந்ததை 2019இல் எல்லாரும் படித்தோம். இப்படிப்பட்ட சான்றுகளைப் பார்த்துப் பார்த்து, மண்ணுக்குள் போன கரி அழியாது என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. அறிவியலாளர்களிடமும் அந்த எண்ணம் வெகுகாலம் இருந்தது. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. தோண்டியவர் கையில் அகப்படுவது கரையாமல் நின்ற கரி. கரைந்து போனதும் வெள்ளம் அடித்துப் போனதும் எந்தக் குழியிலும் கிடைக்காது. போரிலிருந்து திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து, போரில் ஒருவரும் சாகவில்லை என்று சொல்வதைப் போன்ற கணக்கு இது.

இது வெறும் ஆய்வுக்கூட விவகாரமாக இருந்தவரை யாருக்கும் நட்டமில்லை. இப்போது அந்த எண்ணத்துக்கு விலை வைத்தாகிவிட்டது. வைக்கோல், உமி, தேங்காய் மட்டை, முள்மரம் போன்றவற்றைக் காற்று அதிகம் புகாமல் சுட்டுக் கரியாக்கி வயலில் கலப்பதற்கு உயிர்க்கரி, அதாவது பயோசார் என்று பெயர். மட்கினால் சில ஆண்டுகளில் கரியமில வாயுவாகப் போயிருக்க வேண்டிய கார்பனைக் கரியாக்கி மண்ணில் பூட்டிவைக்கிறோம் என்பது இதன் பின்னுள்ள வாதம். பூட்டிவைத்த ஒவ்வொரு டன்னுக்கும் கார்பன் கிரெடிட் எழுதி, புகை கக்கும் நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019இல் வெளியிட்ட கணக்கு வழிகாட்டியின் பின்னிணைப்பில் இதற்கென ஓர் அட்டவணையே இருக்கிறது. 600 டிகிரிக்கு மேல் சுட்ட கரியில் நூறு ஆண்டு கழித்தும் 89 விழுக்காடு மிஞ்சும். 450 முதல் 600 டிகிரி வரை என்றால் 80. அதற்கும் குறைந்த சூட்டில் 65. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் ஆய்வகத்தில், மண்ணையும் கரியையும் குடுவையிலிட்டு, அதிலிருந்து எவ்வளவு கரியமில வாயு கிளம்புகிறது என்று அளந்ததிலிருந்து வந்தவை. நுண்ணுயிர்கள் கரியைத் தின்னும் வேகத்தை அளக்க அது நல்ல முறை. குறை ஒன்றுதான்: குடுவைக்குள் மழை பெய்யாது, வரப்பு உடையாது, ஆறு ஓடாது. கரியின் தலைவிதியில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் எழுதிய எந்தக் கரிக் கிரெடிட்டையும் முழு விலைக்கு ஏற்கக் கூடாது என்பதே இங்கே நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் அளவு. கரியை மனிதர் செய்வதற்கு முன்பே தீ செய்துவந்தது. காடும் புல்வெளியும் வயலும் எரியும்போது எல்லாமே புகையாகப் போவதில்லை. காற்று கிடைக்காத இடத்தில் ஒரு பகுதி கரியாக நின்றுவிடும். இந்த மிச்சம் உலகின் கார்பன் கணக்கையே மாற்றக்கூடும் என்று 1980இலேயே சுட்டிக்காட்டியவர்கள் வுல்ஃப்காங் சைலரும் பால் குரூட்சனும். பின்னாளில் ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அதே குரூட்சன்தான். மேத்யூ ஜோன்ஸ் தலைமையிலான குழு 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தீயால் ஆண்டுதோறும் உருவாகும் கரியிலுள்ள கார்பன் சுமார் 25 கோடியே 60 லட்சம் டன். இப்படிப்பட்ட தீக்கள் காற்றில் விடும் கார்பனில் இது 12 விழுக்காட்டுக்கு இணை. பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தக் கரி மண்ணில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. சேர்ந்ததெல்லாம் அப்படியே இருந்திருந்தால் உலகத்து மண் முழுவதும் இந்நேரம் கரிமேடாகியிருக்கும். ஆகவில்லை. அப்படியென்றால் எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது.

அந்த வாசல் எங்கே என்பதைத் தெளிவாகக் காட்டிய இடம் பிரேசில். அந்நாட்டின் கிழக்குக் கரையோரமாக ஒரு காலத்தில் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருந்த அட்லாண்டிக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்குதான். அழித்தது பெரும்பாலும் தீ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பராயிபா தோ சுல் ஆற்றின் பள்ளத்தாக்கு காப்பித் தோட்டங்களின் தலைமையிடமாக இருந்தது. மலைச்சரிவில் காட்டை வெட்டிச் சாய்த்து, காயவைத்து, கொளுத்தி, அந்தச் சாம்பலில் காப்பிக் கன்று நட்டார்கள். உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். அடிமைமுறையை பிரேசில் ஒழித்தது 1888இல்தான். மண் களைத்ததும் அடுத்த மலைக்குப் போய் அங்கே தீ வைத்தார்கள். பின்னர் காப்பி போய் மாடு மேய்ச்சல் வந்தது, கரும்பு வந்தது. 1850 முதல் 1973 வரை இந்தக் காட்டு எரிப்பில் 20 கோடி முதல் 50 கோடி டன் வரை கரி உருவாகியிருக்கும் என்பது ஜெர்மனியைச் சேர்ந்த தோர்ஸ்டன் டிட்மாரும் பிரேசிலின் கார்லோஸ் எடுவார்டோ தே ரெசெண்டேயும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட மதிப்பீடு. பெரிய அளவிலான எரிப்பு 1973இல் நின்றது.

தீ நின்றுவிட்டது, ஆற்றுக்குச் செய்தி போகவில்லை. 1997 முதல் 2008 வரை எடுத்த நீர் மாதிரிகளைச் சோதித்தபோது, பராயிபா தோ சுல் ஆறு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 டன் கரைந்த கரியைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தெரிந்தது. சராசரியாக நாளொன்றுக்கு ஏழு டன், அதாவது ஒரு லாரி லோடு. கண்ணுக்குத் தெரியாத லோடு அது. நீரில் சர்க்கரை கலந்ததுபோலக் கலந்திருப்பது. மழைக்காலத்தில்தான் இது மிகுதியாக வெளியேறுகிறது. மண்ணின் மேலடுக்குகள் நீரில் ஊறி வழியும் நாட்களில், தாத்தா காலத்துத் தீயின் கரி பேரன் காலத்து வெள்ளத்தில் இறங்குகிறது. அட்லாண்டிக் காடு இருந்த நிலப்பரப்பு முழுவதற்கும் இதை விரித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 50,000 முதல் 70,000 டன் வரை வரும். இதில் எல்லாமே பழைய காட்டுத்தீயின் கரியா, ஆலைப்புகையும் கரும்புச் சோகை எரிப்பும் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பின்வந்த ஆய்வுகள், காற்றிலிருந்து விழும் புகைக்கரியும் இந்த ஆற்றில் ஒரு பங்கு சேர்க்கிறது என்று கண்டன. ஆனால் அது சிறுபங்கு. பெரும்பங்கு மண்ணுக்குள்ளிருந்துதான் வருகிறது.

தண்ணீரில் கரி எப்படிக் கரையும்? அடுப்புக்கரியைச் செம்பில் போட்டு ஒரு மாதம் வைத்தாலும் அது கரிதானே என்று தோன்றும். ஒரு மாதத்தில் கரையாதுதான். கரியின் உள்ளமைப்பு, கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய தகடுகள். எண்ணெயைப் போல நீரை விலக்கும் தன்மை உடையவை. ஆனால் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்போது காற்றும் நுண்ணுயிரும் அந்தத் தகடுகளின் விளிம்பை அரிக்கின்றன. அரித்த இடத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. ஆக்சிஜன் ஏறிய விளிம்புக்கு நீர் பிடித்துப்போய்விடும். சிறுசிறு துணுக்குகளாகப் பிரிந்து, மட்கிய இலைதழையின் சாற்றோடு சேர்ந்து ஓடைக்கு வருகிறது. ருடால்ஃப் யாஃபே, டிட்மார் உள்ளிட்டோர் உலகின் 27 ஆறுகளிலிருந்து எடுத்த 174 மாதிரிகளைச் சோதித்து 2013இல் எழுதிய கட்டுரை, உலக ஆறுகள் ஆண்டுக்கு 2 கோடியே 65 லட்சம் டன் கரைந்த கரியைக் கடலுக்குக் கொண்டுபோவதாகக் கணித்தது. (யாஃபே பணியாற்றிய பல்கலைக்கழகமும் மயாமியில்தான், கீழடியின் கரி நிலைத்ததற்குச் சான்று தந்த அதே ஊரிலிருந்து கரி கரைவதற்கும் சான்று வந்தது.) இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்தப் பெரிய எண் அல்ல. எந்த ஆற்றை எடுத்தாலும், ஆற்றுநீரில் கரைந்திருக்கும் மொத்தக் கரிமப்பொருளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்தக் கரியாக இருந்தது. அந்தப் படுகையில் நேற்று தீ பிடித்ததா, நூறாண்டுக்கு முன் பிடித்ததா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கரி மண்ணின் மற்ற சாறுகளோடு கலந்து, அவை போகும்போது தானும் போகிறது. தனியே பூட்டி வைத்த பெட்டி என்று ஒன்று அங்கே இல்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, இது மிகச் சிறிய அளவு என்பது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு எரித்து நாம் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் ஏறத்தாழ 1,000 கோடி டன். அதன்முன் 2.65 கோடி டன் எம்மாத்திரம்? அதோடு, அட்லாண்டிக் காட்டுக் கணக்கையே வகுத்துப் பார்த்தால், இருபது முதல் ஐம்பது கோடி டன் கையிருப்பிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது, எழுபதாயிரம் டன் போனால் தீர்ந்துபோக 3,000 முதல் 10,000 ஆண்டுகள் ஆகும். நூறாண்டில் போவது மூன்றரை விழுக்காட்டுக்குள். உயிர்க்கரிக்காரர்களுக்கு இது சாதகமான எண் அல்லவா? ஆம், சாதகமானதுதான். அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது முறையல்ல. கரைந்து போகும் வழி ஒன்றை மட்டும் பார்த்தால் கசிவு மெதுவானது. ஆனால் கரி தண்ணீரில் போவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அது மெதுவானதல்ல.

அது துகளாகப் போவது. புதிதாகச் செய்த கரி எடை குறைந்தது, துளை நிறைந்தது, மிதப்பது. வடக்கு லாவோசின் மலைச்சரிவுகளில் காட்டை எரித்துப் பயிர்செய்யும் நிலங்களை ஆராய்ந்தபோது, மண் அரிப்பில் மற்ற கரிமப்பொருளைவிடக் கரியே முந்திக்கொண்டு போவதைக் கண்டார்கள். சரிவில் போவது இயல்பு, சமவெளியில் என்ன ஆகும்? கொலம்பியாவின் புல்வெளிப் பகுதியில் ஜூலி மேஜரும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் யோஹானஸ் லேமனும் பிறரும் நடத்திய சோதனையை உயிர்க்கரியில் முதலீடு செய்யும் எவரும் படிக்க வேண்டும். லேமன் உயிர்க்கரியின் எதிரி அல்ல. உலகில் அதை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர். வயதான மாமரங்களிலிருந்து செய்த கரியை மண்ணின் மேல் பத்து சென்டிமீட்டரில் கலந்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கண்காணித்தார்கள். நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டது 2.2 விழுக்காடு. குடுவைச் சோதனைகள் சொல்வதோடு இது பொருந்தியே வருகிறது. எட்டரை ஆண்டுகள் நீண்ட ஒரு ஜெர்மானியச் சோதனையில்கூட ஏறத்தாழ 6 விழுக்காடுதான் அப்படிப் போனது. மண்ணுக்குள் கீழே இறங்கியதும் சொற்பமே. ஆனால் மொத்தத்தில் 20 முதல் 53 விழுக்காடு கரி கணக்கில் வரவில்லை. அது மேற்பரப்பில் ஓடிய மழைநீரோடு போயிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். இரண்டே மழைக்காலங்களில், மூச்சாகப் போனதைப் போல ஒன்பது முதல் இருபத்துநான்கு மடங்குவரை தண்ணீரோடு போயிருக்கிறது! நாம் கண்கொத்திப் பாம்பாகக் காவல் நின்றது முன்வாசலில். திருடன் போனது கொல்லைப்புறமாக.

இந்தத் துகள்கள் பெரிய ஆறுகளிலும் தென்படுகின்றன. அலிஷா கொப்போலா தலைமையில் 18 ஆறுகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆறுகள் துகளாகச் சுமந்து செல்லும் கரி ஆண்டுக்கு 1.7 கோடி முதல் 3.7 கோடி டன் என்றது அது. கரைந்த கரிக்கு 2020இல் ஜோன்ஸ் குழு தந்த திருத்திய மதிப்பு 1.8 கோடி டன். யாஃபேயின் எண்ணைவிடக் குறைவு. குறைந்த எண்களைக் கூட்டினால் 3.5 கோடி, கூடிய எண்களைக் கூட்டினால் 6.35 கோடி. ஆண்டுதோறும் புதிதாக உருவாகும் 25.6 கோடி டன்னோடு ஒப்பிட்டால் ஏழில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை. கரியின் ஓட்டத்தை நிலக்கரிப் புகையோடு ஒப்பிட்டுச் சிறியது என்பது, சிறுசேமிப்புக் கணக்கின் செலவை நாட்டின் பட்ஜெட்டோடு ஒப்பிடுவது போன்றது. ஒப்பிட வேண்டியது அந்தக் கணக்கின் வரவோடு. வரவில் ஏழில் ஒன்றோ நான்கில் ஒன்றோ வெளியேறுகிறது என்றால் எந்த வங்கியும் அதை நிரந்தர வைப்பு என்று எழுதாது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிட வலுவானது. கரி இடம் மாறியது என்றால் அழிந்தது என்று பொருளா? வயலிலிருந்து போன கரி கண்மாயிலோ கழிமுகத்திலோ கடலடியிலோ படிந்தால், காற்றுக்கு அது திரும்பவில்லையே. இன்னும் பத்திரமான இடத்துக்குத்தானே போயிருக்கிறது? துகளைப் பொறுத்தவரை இதில் பாதிக்குமேல் உண்மை இருக்கிறது. கொப்போலாவின் ஆய்விலேயே, சில ஆறுகள் சுமந்த துகள்கரிக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வயது இருந்தது. வழியில் வண்டலிலும் கரைநிலத்திலும் வெகுகாலம் தங்கித் தங்கித்தான் அது கடலுக்கு வருகிறது. கேரோலைன் மசியெல்லோவும் எல்லன் டிரஃபலும் 1998இல் ஆழ்கடல் படிவுகளைச் சோதித்தபோது, அங்கிருந்த கரி தன்னோடு படிந்த மற்ற கரிமப்பொருளைவிட 2,400 முதல் 13,900 ஆண்டுகள் வரை மூத்ததாக இருந்தது. ஆகவே துகள் கடலடியைச் சேர்ந்துவிட்டால் நல்லதே. ஆனால் சேருகிறதா என்பதை வயல்வாரியாக யாரும் பார்ப்பதில்லை. இடையில் அணைகள் நிற்கின்றன. கோடையில் வற்றி மழையில் நிறையும் நீர்நிலைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் கரி நூறாண்டு இருக்கும் என்று குடுவையைப் பார்த்து எழுதிய அட்டவணை உறுதி தர முடியாது. வயல் மண்ணுக்காகத் தயாரித்த எண் அது.

கரைந்த கரியின் கதையோ முற்றிலும் வேறு. கடல்நீரில் கரைந்திருக்கும் கரியின் கையிருப்பு சுமார் 1,200 கோடி டன் என்கிறது டிட்மாரின் பழைய மதிப்பீடு. லோரி சியோல்கோவ்ஸ்கியும் டிரஃபலும் 2010இல் கண்ட அதன் ரேடியோகார்பன் வயது ஏறத்தாழ 18,000 ஆண்டுகள். இந்த இரண்டு எண்களையும் ஆற்றின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு கோடி டன் வாக்கில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டினால், 1,200 கோடி சேர ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் போதும். பதினெட்டாயிரம் ஆண்டு வயதுள்ள கிழவர்கள் மட்டுமே வாழும் ஊரில் நாள்தோறும் புதிய குழந்தைகள் வந்து இறங்குகின்றன, ஆனால் தெருவில் ஒரு குழந்தையும் கண்ணில் படவில்லை. அப்படியானால் வந்தவை எங்கே? 2019இல் சாஷா வாக்னரும் கூட்டாளிகளும் ஆற்றுக்கரியின் கார்பன்-13 அளவையும் கடற்கரியின் அளவையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கடலில் இருப்பது பெரும்பாலும் ஆறு கொண்டுவந்த கரி அல்ல என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. கடலின் பழங்கரிக்கு வேறு மூலம் தேடத் தொடங்கினார்கள். கடலடி வெந்நீர் ஊற்றுகள்வரை அந்தத் தேடல் போயிருக்கிறது. நமக்கு வேண்டிய செய்தி இது: ஆறு கொண்டுவரும் கரைந்த கரி கடலில் அதே உருவில் நெடுங்காலம் தங்குவதாகத் தெரியவில்லை.

தங்காமல் போவதற்கு ஒரு வழி வெயில். ஏரன் ஸ்டப்பின்ஸ் குழு வட அட்லாண்டிக்கின் ஆழ்நீரை எடுத்து, செயற்கைச் சூரிய ஒளியில் 28 நாட்கள் வைத்தது. அதிலிருந்த கரைந்த கரி இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இருட்டில் பதினாயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருந்த பொருள், வெளிச்சத்தில் ஒரு மாதம் தாங்கவில்லை. ஆறு கடலில் கலக்கும் இடம் ஆழ்கடலின் இருட்டல்ல, வெயில் விழும் மேற்பரப்பு. சிதைந்த கரியில் ஒரு பகுதி வேறு கரிமச் சேர்மங்களாக மாறும், ஒரு பகுதி கரியமில வாயுவாகும். கரி கடலுக்குப் போனால் இன்னும் பத்திரம் என்ற ஆறுதலைக் கரைந்த கரிக்கு அப்படியே நீட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

இந்த அளவீடுகளையே நம்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நீரில் கரைந்த கரியை நேரடியாக எடைபோட முடியாது. நைட்ரிக் அமிலத்தில் சிதைத்து, கிடைக்கும் பென்சீன் அமிலத் துணுக்குகளை எண்ணி, அதிலிருந்து பின்னோக்கிக் கணிக்கிறார்கள். 2.65 கோடி ஏழு ஆண்டுகளில் 1.8 கோடி ஆனதே அந்தத் தடுமாற்றத்தைக் காட்டும். ஆனால் இந்த ஐயம் வெட்டும் திசையைக் கவனிக்க வேண்டும். அளவு உறுதியில்லை என்றால், உறுதியான எண்ணைப் போட்டு கிரெடிட் விற்பவர்தான் கையை எடுக்க வேண்டும். கேள்வி கேட்பவர் அல்ல.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது, இப்படியெல்லாம் பேசினால் நல்ல முயற்சியைக் கெடுத்துவிடுவோம் என்பது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஒவ்வோர் அக்டோபர், நவம்பரிலும் வைக்கோலைத் திறந்தவெளியில் கொளுத்துகிறார்கள். டெல்லி மூச்சுத் திணறுகிறது. அதே வைக்கோலைச் சூளையில் கரியாக்கினால் புகை குறையும், விவசாயிக்கு நாலு காசு கிடைக்கும், மண் நீர் பிடிக்கும். இதை ஏன் தடுக்க வேண்டும்? தடுக்கச் சொல்லவில்லை. எரித்துப் புகையாக்குவதைவிடக் கரியாக்குவது மேல். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கரியில் பாதி ஆற்றோடு போனாலும்கூட, அதில் பெரும்பகுதி வண்டலில் தங்கும் வாய்ப்பு இருக்கிறது. மட்கும் வைக்கோலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. என் சண்டை கரியோடு அல்ல, அதன் விலைச்சீட்டோடு. கிரெடிட் என்பது வெறும் பாராட்டுப் பத்திரம் அல்ல. ஒரு டன் கிரெடிட் வாங்கிய நிறுவனம் அதற்கு ஈடாக ஒரு டன் புகையை விடும் உரிமையைப் பெறுகிறது. அந்தப் புகை காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்பது உறுதி. கரி மண்ணில் நிற்பது உறுதியில்லை. உறுதியான கடனுக்கு உறுதியில்லாத அடமானம் வாங்கினால் நட்டம் காற்றுக்குத்தான், அதாவது நம் எல்லாருக்கும். கடைசியில் மோசடி என்று பெயர் கெட்டுப்போவதும் கரி செய்த விவசாயியின் உழைப்புக்குத்தான். காட்டைக் காப்பதாகச் சொல்லி விற்ற கிரெடிட்டுகள் மீது ஏறிய அவநம்பிக்கை இதற்கு முன்னுதாரணம்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி கரிமூட்டம் போடுவது பல தலைமுறைப் பிழைப்பு. அதே மரத்திலிருந்து வயலுக்கான உயிர்க்கரி செய்வதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்திருக்கிறது. மூட்டம் போடத் தெரிந்த கைகளும் முள்காடும் ஏற்கெனவே இருக்கும் மண்ணுக்குக் கிரெடிட் தரகர்கள் வருவது இயல்பே. அங்கே மழை எப்படிப் பெய்யும் என்பது நமக்குத் தெரியும். ஆண்டின் பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். வெடித்துக் கிடந்த கரிசலிலும், தூளாகக் கிடந்த செம்மண்ணிலும் முதல் வெள்ளம் மேல்மண்ணை வாரிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கும். கொலம்பியாவில் இரண்டு ஆண்டில் நடந்தது இங்கே ஒரே அடைமழையில் நடக்கலாம். சமவெளி நஞ்சைக்கும் சரிவான மானாவாரிக்கும் ஒரே விகிதத்தைப் போடும் அட்டவணை இந்த வேறுபாட்டை அறியாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம்மவர்கள் சொல்வது செலவுக் கணக்குக்கு. கரிக்கு அது அப்படியே பொருந்துகிறது, அளப்பதும் அப்படியொன்றும் கடினமில்லை. வயலின் தாழ்ந்த மூலையில் வழிந்தோடும் நீரைப் பிடிக்க ஒரு தொட்டி, அதில் படியும் வண்டலில் எவ்வளவு கரி என்று பார்க்க வேளாண் கல்லூரி ஆய்வகம். தொடக்கத்துக்கு இது போதும். கரைந்த கரியை அளக்க நல்ல கருவிகள் வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு வயலிலும் அதை அளக்கத் தேவையில்லை. மத்திய நீர் ஆணையம் ஏற்கெனவே நீரின் தரத்தைப் பார்த்துவரும் ஆற்று நிலையங்களில் சிலவற்றில், மழைக்காலத்தில் சில மாதிரிகள் எடுத்தால் படுகைக்கான எண் கிடைத்துவிடும். பிரேசிலில் ஓர் ஆற்றில் பத்து ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக மாதிரி எடுத்ததால்தான் உலகமே இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. காவிரிக்கும் வைகைக்கும் தாமிரபரணிக்கும் அதே பொறுமையைக் காட்டும் பல்கலைக்கழகங்கள் நம்மிடம் இருக்கின்றன.

கிரெடிட் விதிகளை எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான். கரி வயலில் விழுந்த அன்றே நூறாண்டுக்கான பணத்தைக் கொடுக்காதீர்கள். சரிவு நிலத்துக்கும் சமநிலத்துக்கும் வெவ்வேறு விகிதம் வையுங்கள். குறைந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழை கடந்தபின் அதே மண்ணை மறுபடி தோண்டி அளந்து, அப்போது மிஞ்சியிருக்கும் கரிக்கு மட்டும் கிரெடிட் எழுதுங்கள்; வண்டலில் போய்த் தங்கியது என்று யாராவது சொன்னால், அந்த வண்டலையும் காட்டச் சொல்லுங்கள்.